இடக்கையிலிருந்து வலக்கைக்கு

ஓகஸ்ட் கடைசிச் சனி, இரவு ஒன்பதுக்குத் தொடக்கம்.
எட்டுப் பேர். தொண்ணூற்றொரு கிலோமீற்றர்.
பூர்க்டோர்ஃப் மருத்துவமனையின் நிலவறையில்
சலவை இயந்திரங்கள் மூன்றும் ஒன்றாய்ச் சுழலும் சத்தத்தில்
அட்டவணை போட்டது நான்தான்.

யாருடைய சட்டை அளவையும் நான் கேட்கவில்லை.
ஊர்சினாவுக்கு முப்பத்தெட்டு,
வலப் பையில் எப்போதும் ஒரு பேனை மூடி.
ரேத்தோவுக்கு இடுப்புப் பெருத்தது போன மாரியில்.
உடுப்பு மடிக்கிறவளுக்கு உடம்பு தெரியும்.
அந்த உடம்பு ஒரு கிலோமீற்றரை
எத்தனை நிமிடத்தில் கடக்கும் என்பது தெரியாது.

கேட்டேன். எல்லாரும் பொய் சொன்னார்கள்.
ரேத்தோ ஐந்து என்றான். ஆறரை என்று எழுதிக்கொண்டேன்.
ஊர்சினா, இரண்டாம் மாடித் தலைமைத் தாதி,
ஒன்பது வருடமாய் என்னிடம்
‘க்ரூயெஸ்ஸெக்’குக்கு மேல் ஒரு சொல் செலவழிக்காதவள்,
முதல்தடவை படியிறங்கி வந்து
‘என்னை மேட்டில் போடாதே’ என்றாள்,
யாருக்கும் கேட்காமல்.
எம்மெ ஆற்றங்கரையில் போட்டேன், சமதரை.

மழைச் செவ்வாய்களில் நிலவறை நடையில்
கைமாற்றிப் பழகினோம், சுருட்டிய துவாயை வைத்து.
அன்றைக்குக் கொடுப்பது ஒரு மணிக்கட்டுப் பட்டிதான்.
ஆனால் எங்களிடம் நிறைய இருந்தது துவாய்.

எனக்குத் தருகிறவன் பெஸ்னிக். நாலாம் ஆள்.
நோயாளிக் கட்டில்கள் தள்ளுகிறவன்;
ஓடி வரும்போதும் கட்டில் தள்ளுவதுபோல்
இரண்டு கையையும் முன்னே நீட்டி வருவான்.
‘தருகிற கை எது?’ என்று கத்துவேன்.
‘நீ எதைப் பிடிக்கிறாயோ அது.’

உன் மொழியில் இதற்கு என்ன சொல் என்று ஒருநாள் கேட்டான்.
அஞ்சலோட்டம்.
அஞ்சல் என்றால் தபால்.
பழைய பாட்டுகளில் ‘பயப்படாதே’ என்றும் வரும்.
கொஞ்சம் யோசித்தான்.
‘நாய்களுக்கா? தபால்காரனுக்குச் சொல்வதா?’

புதன் பின்னேரம்,
வெறுங்கட்டில் ஒன்றை மின்தூக்கிக்குள் திருப்பும்போது
கட்டில் திரும்பியது, அவன் முழங்கால் திரும்பவில்லை.

சமையலறையில் கேட்டேன், மருந்தகத்தில்,
வாகனத் தரிப்பிடக் காவலாளியிடம்கூட.
சனி இரவு எல்லாருக்கும்
பிள்ளையோ கலியாணமோ இருந்தது.
நாலாம் வரி: ஒன்பது தசம் எட்டு, காட்டுப் பாதை.
ஐந்தாம் வரி, நான்: பதினொன்று தசம் மூன்று.
கூட்டிப் பார்த்தேன். இருபத்தொன்று தசம் ஒன்று.
அவ்வளவு தூரம் ஓடியதில்லை.
நடந்திருக்கிறேன், அதைவிடக் கூட, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு.
அதற்கு யாரும் அட்டவணை போடவில்லை.

விதிகளை இரண்டுதரம் வாசித்தேன்.
ஒருவரே இரண்டு கட்டம் ஓடலாம்.
ஆனால் மாற்றுமிடத்தில்
பட்டியைக் கழற்றித் திரும்பக் கட்ட வேண்டும்.
அதாவது இரவு ஒன்று நாற்பத்தாறுக்கு,
ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட முற்றத்தில்,
வெள்ளைக் கோட்டில் நின்று
நான் எனக்கே கொடுக்க வேண்டும்.

நேற்று இயந்திரங்களுக்கு நடுவே பழகிப் பார்த்தேன்.
இடக்கையிலிருந்து வலக்கைக்கு.
மூன்றுதரம் துவாய் விழுந்தது.
வாங்குகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று
மற்றவர்களுக்குப் படிப்பித்ததும் நான்தான்.
இப்போது எந்தப் பக்கம் பின்பக்கம்?

இன்று காலை பெஸ்னிக் தொலைபேசியில்.
இரண்டு ஊன்றுகோல், மைத்துனனின் வான்,
அந்த முற்றத்துக்கு வருகிறானாம்.
‘பட்டியைக் கழற்றிக் கட்ட
சும்மா இருக்கிற கை ஒன்று வேணுமே.’
விதிகளில் அதற்கு இடம் உண்டோ தெரியாது.
மூன்றாந்தரம் வாசிக்கப் போகவில்லை.
ஓவோமால்ற்றின் கொண்டுவரவா, தேத்தண்ணியா என்றான்.
தேத்தண்ணி. சீனி மூன்று.

அட்டவணையைத் திறந்து
நாலாம் வரியில் அழித்த பெயரைத் திரும்ப எழுதினேன்.
தூரம்: சைபர்.
நேரம்: 1.46.
குறிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பார்த்திருக்க
மூன்றாம் இயந்திரம் முடிந்து கூப்பிட்டது.
உள்ளே குழுச் சட்டைகள், ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு.
பிரித்தெடுத்தேன்.
எட்டு. எட்டையும் காயப்போட்டேன்.