மூடிய நேரம்

அக்தோபே, பிப்ரவரி.
சம்பளம் வராத நான்காம் மாதம்.
ஜன்னலின் உட்புறத்திலும் பனி.
ஆய்வுக்கூடத்தில் உலை மட்டும் சூடு.
அதனாலேயே இரவுப்பணிக்கு யாரும் மறுப்பதில்லை.

குவார்ட்ஸ் குழாய்க்குள் குரோமியத் தூள்.
ஈரம் ஆகவே ஆகாது.
கந்தக அமிலத்தில் குமிழியிட்டு
உலர்ந்த பிறகே குளோரின் உள்ளே போக வேண்டும்.
அறுநூறு. எழுநூறு. எண்ணூறு.
சாம்பல் தூள் செந்தணலாகி
இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி
குழாயின் குளிர்ந்த முனையில்
செதில் செதிலாய்ப் போய் ஒட்டிக்கொள்ளும்.
கத்தரிப்பூ நிறம்.
அப்பிரகம்போல் வழுக்கும்.

எர்மெக் அதைச் சீமாட்டி என்பார்.
தண்ணீரில் போட்டால் நனையாமல் மிதப்பாள்.
எத்தனை கலக்கினாலும் கரையமாட்டாள்.
தூய்மைக்கு அதுதான் சோதனை.

சுவரில் ஒரே ஆணியில் இரண்டு விதிகள்:
குளோரின் ஓடும்போது அறையை விட்டு நகராதே.
உலை ஆறும்வரை குளோரினை நிறுத்தாதே.
எழுதியவருக்குத் தொலைபேசி வந்ததேயில்லை போலும்.

நாலே முக்காலுக்கு வாயில்காவலர் தட்டினார்.
"குல்சிரா, ஜெர்மனியிலிருந்து. மூன்று நிமிடம்தான்."

உருளையின் திருகை மூடினேன்.
வெப்பமானியைப் பார்க்கவில்லை என்றால் பொய்.
பார்த்தேன். அறுநூற்று எண்பது.
மேலங்கி இல்லாமல் பனியில் ஓடினேன்.

எட்வர்ட் காஸலில் பெயிண்ட் கடையொன்றில்
வண்ணம் கலக்கிக் கொடுக்கிறானாம்.
"இங்கே எந்தப் பச்சையும் நம் பச்சை மாதிரி இல்லை" என்றான்.
வா என்று சொல்லவில்லை.
வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை.
மீதி நிமிடத்தில்
அங்கே எத்தனை டிகிரி, இங்கே எத்தனை டிகிரி.

திரும்பி வந்து பதிவேட்டில் எழுதினேன்:
குளோரின் மூடிய நேரம் 6.30.
பேனா மை உறைந்திருந்தது.
வாயால் ஊதி ஊதி எழுதினேன்.
ஒரு பொய்க்கு இவ்வளவு பாடு அதுவே முதல்முறை.

காலையில் எர்மெக், கண்ணாடிக் குவளை,
அரைக் கரண்டி செதில்.
மிதந்தது.
மூச்சு விட்டேன்.
பிறகு ஓரமாய் ஒரு செதில் புகைந்தது,
தண்ணீருக்குள் புகை, பச்சைப் புகை,
அதன் பக்கத்தில் இன்னொன்று,
எண்ணுவதற்குள் குவளை முழுதும் பாசிப்பச்சை.

குளோரின் இல்லாத சூட்டில்
செதில் தன்னிடமிருந்தே கொஞ்சம் குளோரினை இழக்கும்.
அந்தக் குறைபட்ட குளோரைடு
ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்.
கரைந்தது கரையாததற்கு
ஓர் எலக்ட்ரானைக் கைமாற்றும்.
வாங்கியது இளகி இறங்கும்,
அடுத்ததற்குக் கொடுக்கும்.
கடன் தீரவே தீராது, ஆள்தான் மாறும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் இருக்கலாம்.
இதைத் தண்ணீரில் மறைத்தவர் கிடையாது.

எர்மெக் குவளையைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார்.
"துத்தநாக வாளியில் எதையாவது கழுவினாயா?"
துத்தநாகத் துணுக்கும் இதே வேலையைச் செய்யும்.
அவர் கேட்டது கேள்வி இல்லை.
திறந்து வைத்த கதவு.
"நாலே முக்கால்" என்றேன்.
அவர் 6.30ஐ ஒற்றைக் கோட்டில் அடித்து
பேனாவை என்னிடம் நீட்டினார்.
பக்கத்தில் கையெழுத்து.
இருநூறு கிராம் போயிற்று.
சம்பளத்துக்குப் பதில் தருவதாய் இருந்த
மாவு மூட்டையும் போயிற்று.

அந்தக் குவளையை யாரும் கொட்டவில்லை.
பத்து நாளில் பச்சைக்குள் நீலம் வந்தது.
மாதக் கடைசியில் மறுபடி கத்தரிப்பூ.
"பார், பழையபடி ஆகிவிட்டது" என்றாள்
பாத்திரம் கழுவும் ஸீனா.
நிறம்தான் அது. குரோமியத்தைப் பிடித்திருந்த குளோரின் எல்லாம் விலகி
ஆறு பக்கமும் இப்போது தண்ணீர்.
அவளிடம் சொல்லவில்லை. கை ஈரமாய் இருந்தாள், அவசரம்.

மதியம் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று
காஸலுக்கு ஓர் அழைப்புப் பதிந்தேன்.
ஒன்பதாம் தேதி. மூன்று நிமிடம்.
அன்று எனக்கு உலை வேலை இல்லை.