ஈர எடை

கோத்தகிரியில் ஐப்பசி பிறந்துவிட்டால்
துணி காய்வதில்லை, வயதாகிறது.
நாலு நாள் கொடியில் கிடந்த பள்ளிச் சட்டைக்கு
நாய்க்குட்டி வாசனை வந்துவிடும்.
தோசைக்கல்லில் சாக்ஸ் காயவைக்கும் வீடுகள்
எனக்குத் தெரியும். அதில் ஒன்று என் வீடு.

ஓட்டல் சலவை அறையில் ஒன்பது வருஷம்
விரிப்பு மடித்தேன்.
ஓட்டலை விற்றவர் சம்பளப் பாக்கிக்குப் பதில்
வட்ட வாய் உலர்த்தி ஒன்றைத் தந்தார்.
பெல்ட் அறுந்தது, கதவு கயிற்றால் கட்டியது.
"காசு கேட்டா இரும்பு தர்றான்" என்றார் வீட்டுக்காரர்.
ஏற்றிவந்த வண்டி வாடகை எண்ணூறு.

டானிங்டனில் பழைய முட்டைக்கடையைப் பிடித்தேன்.
பலகையில் எழுதினேன்:
துணி காயவைத்துத் தரப்படும். கிலோ முப்பது.
துவைத்துத் தரப்படாது என்று கீழே பொடியாக.

முதல் நாள் வந்தவர் இரண்டு பேர்.
ஒருவர் முட்டை கேட்டார்.
மற்றவர் மேட்டுப்பாளையம் வண்டி டிரைவர் போஜராஜ்.
காக்கிப் பேண்ட் ஒன்று.
கைலியோடு என் ஸ்டூலில் இருபது நிமிஷம் இருந்து
சூடாக மாட்டிக்கொண்டு
இரண்டு தொடையையும் தடவிப் பார்த்தார்.
ஒன்றும் பேசவில்லை.
அந்த வாரமே டிப்போ முழுதும் வந்தது.

தகராறு தராசில்தான் தொடங்கியது.
வாங்கும்போது எடை போடுவேன்.
கம்பளி கொண்டுவந்த மிச்சியக்கா
திரும்ப வாங்கும்போதும் போடச் சொன்னாள்.
ஆறு கிலோ நாலாகியிருந்தது.
"மழைக்கும் சேர்த்துக் காசு கேக்கறியா, செலின்?"

அந்த ரெண்டு கிலோதான் அக்கா என் வேலை,
மீதி நாலை நான் தொடவே இல்லையே.
சொல்லிப் பார்த்தேன்.
கடையே அவள் பக்கம் நின்று சிரித்தது.
ராத்திரி நோட்டை விரித்து உட்கார்ந்தேன்.
காலையில் பலகையில்:
காய்ந்த எடை மட்டும். கிலோ நாற்பத்தைந்து.
நாலு கிலோவுக்கு அதே நூற்றியெண்பதை எண்ணி வைத்து
"இப்பதான் நியாயமா இருக்கு" என்றாள் மிச்சியக்கா.

கார்த்திகையில் சில்வர் ஓக் ஒன்று கம்பிமேல் சாய
மூன்று நாள் கரண்ட் இல்லை.
பதினோரு வீட்டு ஈரம் என் கடையில்.
வாளி வாளியாகச் சுமந்து
அந்தந்த வாசலில் திருப்பிக் கொடுத்தேன்,
ஆஸ்பத்திரி நர்ஸம்மாவின் வெள்ளைச் சேலை உட்பட.
யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
அதற்கப்புறம்தான் குழுக் கடனும் கேஸ் மெஷினும்,
முப்பத்தாறு தவணையும்.

தை மாதம் வானம் துடைத்த பாத்திரம்.
ஊரெல்லாம் கொடியில் கலர் கலராய்.
நான் ஷட்டருக்குள் உட்கார்ந்து
வெயிலைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.
கடன்காரிக்குத்தான் தெரியும்
ஒரு நல்ல நாளின் விலை.
இரண்டு தவணை தள்ளிப்போனது.
மூன்றாவதற்குள், அரவேணு பக்கம்
விடுதி விடுதியாகப் போய்க் கதவு தட்டினேன்.
விருந்தாளிகளுக்கு வெயில் மழை கிடையாது.
விரிப்புகள் வர ஆரம்பித்தன, என் பழைய சினேகிதர்கள்.
மடிக்க ஆள் தேவைப்பட்டு ருக்சானாவைச் சேர்த்தேன்.
முதல் மாதம் அவள் சம்பளம் என்னுடையதைவிட அதிகம்.

இந்த ஆடியில் எதிர்ப்புறம் ஒருத்தன் திறந்திருக்கிறான்.
புது மெஷின் இரண்டு, கண்ணாடிக் கதவு,
கிலோ நாற்பது.
சாயங்காலம் அவன் குழாயிலிருந்து
வெள்ளையாக ஆவி புறப்பட்டுச் சாலையைக் கடந்து
என் ஆவியோடு சேர்ந்து
மூடுபனிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாங்கள் எடுப்பதையெல்லாம்
மலை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்கிறது.
நாளைக்கு மறுபடி நனைக்கும்.

உள்ளே போய்ச் சாக்பீஸ் தேடினேன்.
ஷூவும் காயவைக்கப்படும். ஜோடி இருபது.

ருக்சானா முதல் ஜோடியைப் போட்டுக் கதவை மூடினாள்.
கடைக்குள் ஒரு குதிரை ஓடத் தொடங்கியது.