மூன்றாவது கியரில் மட்டும்

ஷெட்டில் நிற்கும்போது அதற்கு ஒரு நோயும் இல்லை.
சாவி திருப்பியதும் பிடிக்கிறது,
ஊசி எண்ணூறில் ஆடாமல் நிற்கிறது.
ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும்
காய்ச்சல் விட்டுப்போன ஆள் மாதிரி.

"மேட்டுல இழுக்கல" என்கிறார் இளம்பரிதி.
ஓசூரில் வேலை. குட்டி வெள்ளைக் கார், டர்போ.
காரைவிட சைலன்சருக்கு நான்கு வயது குறைவு.
டேஷ்போர்டைத் திறந்து
ரசீதுக் கட்டை நீட்டுகிறார்:
பிளக் நான்கு, காயில் நான்கு,
பெங்களூரில் யாரோ லேப்டாப்பை மடியில் வைத்து
ஏற்றிக் கொடுத்த புது மேப்,
போன மாதம் ஒரு பெட்ரோல் பம்ப்.
பழைய பம்ப் பாவம்,
நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

ஸ்கேனரைச் செருகினேன்.
காற்றழுத்தம் குறைவு என்றது.
எந்த இடத்தில் என்று கேட்டால் அதற்குத் தெரியாது.
வீட்டில் திருட்டு என்று எழுதிக்கொண்டு
ஜீப்பில் ஏறிப் போய்விடுகிற போலீஸ்காரர்.

சரி, தொப்பூருக்கு விடுவோம்.

நான் ஓட்ட, பக்கத்தில் முனிரத்தினம்.
அவனுக்கு இடது காது கேட்காது.
இந்த சீட்டில் அவன் வலது காது
எனக்கும் என்ஜினுக்கும் பொது,
அதனால் நான் பேசவில்லை.
நல்லம்பள்ளி தாண்டி, டோல் தாண்டி, இறக்கம்.
லாரிகளின் பிரேக் கருகும் நாற்றம்.
கண்ணாடியை ஏத்துடா என்றேன்.
இன்னும் கொஞ்சம் இறக்கினான்.

அடிவாரத்தில் திருப்பி
ஏற்றத்தில் வைத்தேன்.
இரண்டாவதில் ஒன்றுமில்லை.
மூன்றாவது. இரண்டாயிரத்து ஐந்நூறு. மூவாயிரம்.
அங்கே.
சூடான டீயை யாரோ ஊதுகிற மாதிரி
ஃபூ...
மிதி பலகையைத் தொட்டுவிட்டது, வேகம் வரவில்லை.
ஒரு தனியார் பஸ் எங்களைத் தாண்டிப் போனது.
கடைசி ஜன்னலில் ஒரு பையன் கையசைத்தான்,
முனிரத்தினமும் பதிலுக்கு அசைத்தான்.

ஷெட்டுக்கு வந்து
பெயிண்ட் டப்பா மூடியில் டியூப் வால்வை ஒட்டி
காற்று வாயை அடைத்தோம்.
கம்ப்ரசரில் இருந்து பதினைந்து பவுண்டு, அதற்கு மேல் இல்லை.
ஒரு ரூபாய் ஷாம்பு, அரை பாட்டில் தண்ணீர்,
ஒவ்வொரு மூட்டாகத் தெளித்துப் பார்த்ததில்
மேலே எங்கும் ஒன்றுமில்லை.
அடியில் படுத்திருந்தவன் உள்ளங்கையை வைத்துவிட்டு
"இங்க" என்றான்.

இன்டர்கூலர் ஹோஸின் அடிப்புறம்,
கிளாம்ப் விளிம்பை ஒட்டி
நகம் பட்ட அளவு வெட்டு.
சும்மா இருந்தால் மூடிக்கொள்கிற உதடு.
அழுத்தம் ஏறினால் மட்டும் திறந்து
ஒரு குமிழி,
அது உடைந்ததும் இன்னொன்று.

கிளாம்ப் திருகின் தலையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு புள்ளி.
முறுக்கி முடித்ததற்கு அடையாளமாக
இந்த ரோட்டில் அப்படி வைக்கிறவன்
நான் ஒருத்தன்தான்.
புரட்டாசியில் கிளச் வேலைக்குக் கழற்றி மாட்டியது.
கழன்றுவிடக் கூடாதே என்று
கடைசியாகக் கொடுத்த அரைச் சுற்று.

முனிரத்தினம் புள்ளியைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
நுரையைத் துடைக்கிறவன் போல வேஸ்ட் துணியை வைத்து
உள்ளே கட்டைவிரல் நகத்தால்
மெதுவாகச் சுரண்ட ஆரம்பித்தான்.
பாதிப் புள்ளி போயிருந்தது.
"விடு" என்றேன்.

இளம்பரிதி குனிந்து பார்த்தார்.
"இவ்ளோதானா? எதுனால இப்படி?"
ரப்பர்தானே சார், சூட்டுக்கு விடும்.
நாக்கு நுனியில் இருந்தது அந்த வாக்கியம்,
எத்தனையோ பேரிடம் சொல்லி வழவழப்பானது.
பலமுறை அது உண்மையாகவும் இருந்திருக்கிறது.
அவர் கையில் இன்னும் அந்த ரசீதுக் கட்டு,
வியர்வையில் ஓரம் நனைந்து.

"நான் அதிகமா முறுக்கிட்டேன்" என்றேன்.
அந்நேரம் பார்த்து
கம்ப்ரசர் தடதடவென்று ஓடத் தொடங்கியது.

"என்ன சொன்னீங்க?"

முனிரத்தினம் தன் கேட்காத காதை
எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டான்.
நான் சுவர் வரைக்கும் நடந்துபோய்
சுவிட்சை அணைத்துவிட்டு வந்தேன்.