முற்றாத கரி

கப்பலேறி வந்த மூட்டையின்மேல்
என் மாவட்டத்தின் பெயர்,
பச்சை மையில், எழுத்துப்பிழையோடு.
ரீகாவில் ஏற்றி, டப்ளினில் இறக்கி,
லாரியில் இவ்வளவு தூரம்.
நான் விமானத்தில் வந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.
இங்கே இருவருக்கும் ஒரே வேலை:
இருட்டுக் கொட்டகையில்
காளான் படுக்கைக்குப் போர்வை.

மாலகி ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு இறங்குகிறார்.
இருபத்தாறு வருடம் இதே பீட்டை
அதோ, அந்த ஜன்னலுக்கு அப்பால்
சீவிச் சீவி ரயில்பெட்டிகளில் நிரப்பியவர்.
மின்நிலையம் தின்று தீர்த்தது.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
புகைபோக்கியை வெடிவைத்துச் சாய்த்தார்கள்;
பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு.

இப்போது அந்தச் சதுப்பைத் தொடக்கூடாது.
வடிகால்களை அடைத்துத்
தண்ணீரைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள்.
வாத்துகள் வந்துவிட்டன. பாசி வருமாம், பலகை சொல்கிறது.
நல்லதுதான்.
காளான் தின்னாதே என்று மட்டும்
யாரும் யாரிடமும் சொல்லவில்லை.
ஆகவே என் ஊர்.

மூட்டையைக் கிழித்தேன்.
ஒரு கிரான்பெரிக் கொடி, நூலாய், இலை உதிராமல்.
குளிர்ந்த புளிப்பு வாசனை.
ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளருமாம்;
நகத்திடுக்கில் ஒட்டியது நான்கு வருடம் இருக்கும்.
நான் வந்தும் நான்குதான்.
சோப்புப் போட்டால் போய்விடுகிறது.

தம்பி குன்டார்ஸ் போனில் கத்துகிறான், பின்னால் டிராக்டர்:
"அக்கா, மூணு வாரமா மழையே இல்ல!
அருமையான வருஷம். ராத்திரியும் ஓட்டுறோம்."
எதற்கு அருமை என்று நான் கேட்கவில்லை.
அவன் அனுப்புவதைத்தான்
நான் பரப்பிக்கொண்டிருக்கிறேன்.

மாலகி கையை முழங்கைவரை மூட்டைக்குள் விட்டார்,
கன்று ஈனும் பசுவைப் பார்ப்பவர்போல.
"இளசு," என்றார். "எங்களுடையது இன்னும் கறுப்பு."
ஒரு பிடி அள்ளிச்
சாப்பாட்டு டப்பாவில் அடைத்துக்கொண்டார்.
மேற்பார்வையாளர் பார்த்தார். பார்க்காததுபோல் நடந்தார்.

ரேடியேட்டர்மேல் காயவைத்து,
உருண்டை பிடித்து,
அடுப்பில் போட்டிருக்கிறார் மனிதர்.
திங்கட்கிழமை வந்து சொன்னார்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்:
"விஸ்மா, உங்கள் ஊர்
சீக்கிரம் எரிந்துவிடுகிறது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.
குழாயைத் திறந்தேன்.
இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி
நனைக்க வேண்டும், சொட்டாமல், காயாமல்.
பதினெட்டாம் நாள்
அதைப் பிளந்துகொண்டு
வெள்ளை வெள்ளையாய்த் தலைகள் எழும்.
லண்டன்காரர்கள் வெண்ணெயில் வதக்குவார்கள்.

வாசலில் அடுத்த லாரி
ஹாரன் அடிக்கிறது.