இறக்கிவிடுங்கள்

செவ்வாய்க்கிழமைகளில், இன்வர்கார்கில் நூலகத்தின் மாடியில்
ஒரு குட்டி வினைச்சொல்லும் அதன் வால்போல ஒரு துக்கடாவும்
எட்டுப் பேரை இரண்டு மணி நேரம் அலைக்கழிக்கும்.
புட் ஆன் என்றால் உடுத்திக்கொள்.
அப்படியானால் புட் ஆஃப் என்பது கழற்று, என்றாள் நோஹோரா.
இல்லையாம். தள்ளிப்போடு.
புட் அவுட், நெருப்பை அணை.
புட் அப் வித்துக்கு விளக்கம் வேண்டாம் என்றான் ஹெர்னான்,
இறைச்சி ஆலையில் மூன்று குளிர்காலம் நின்றவன்.

சிரிக்க எனக்கு உரிமையில்லை.
தள்ளிப்போட்டால் ஒத்திவைப்பு,
போட்டுத்தள்ளினால் கொலை
என்றிருக்கும் மொழியில்தான்
இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் அவளைவிட இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள்
ஸ்கட்.
பதினான்கு வயது நாய்,
மலையடிவாரப் பண்ணையில் ஆடு மேய்த்து ஓய்ந்தது.
பண்ணை கைமாறியபோது இவள் கைக்கு வந்தது.
கொலம்பியாவின் கொஞ்சல் மொழி எதற்கும் காதைக்கூட அசைக்காது.
பழைய எசமானரிடம் எழுதி வாங்கிய தாள்
இன்னும் ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கிறது:
வாக் அப், மந்தையை நோக்கி மெல்ல நட.
கெட் இன் பிஹைண்ட், என் பின்னால் வா.
வேலெகோ.
அந்தக் கடைசிச் சொல் அவளுடைய அகராதியில் இல்லை.
ஆடுகளை விடு, போதும், திரும்பி வா
என்பதை ஒரே மூச்சில் கத்தினால் அப்படி வருமாம்.

சமையலறையில் பயிற்சி நடக்கும்.
அவள் தவறாக உச்சரித்தால்
ஸ்கட் தலையைச் சாய்த்து யோசிக்கும்.
சரியாகச் சொன்னால்
இல்லாத ஆடுகளை நோக்கி நாலடி வைக்கும்.
எந்த ஆசிரியையும் அவளை இவ்வளவு நேர்மையாகத் திருத்தியதில்லை.

ஆகஸ்டில் பின்னங்கால்கள் போயின.
பிறகு சாப்பாடு.

எஃகு மேசை. டாக்டர் சின்னப் பெண்,
கம்பளிச் சட்டையில் யார் வீட்டுப் பூனையின் முடியோ.
எக்ஸ்ரேயைக் காட்டி நிறையப் பேசினாள்.
பாதி புரிந்தது, பாதி காற்றில் போயிற்று.
கடைசியில், தொண்டையைச் செருமி,
இவனை நாம் புட் டவுன் பண்ண வேண்டியிருக்கும் என்றாள்.

அட, தெரிந்த சொல்!
கிடங்கில் நாள் முழுக்கக் கேட்பதாயிற்றே.
பெட்டியை புட் டவுன், நோஹோரா, மெதுவாக, முதுகு பத்திரம்.
முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு.
ஆமாம், ஆமாம், தயவுசெய்து இறக்கிவிடுங்கள்,
இவனுக்கு உயரம் என்றால் பயம்,
என்று தானே கைகளை நாயின் வயிற்றுக்கடியில் கொடுத்தாள்.

டாக்டர் அசையவில்லை.
அந்த முகத்தை நோஹோரா வாசித்தாள்.
முகத்துக்குத் துக்கடாச் சொல் கிடையாது.

இறக்க வேண்டும் என்று நீங்களும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.
மூட்டையா, உயிரா,
மேசையைப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

டாக்டர் மன்னிப்புக் கேட்டாள்,
தூங்கவைப்பது என்றாள்,
அதுவும் சரியில்லை என்று பாதியில் நிறுத்தினாள்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
நாயைத் தூக்கித் தரையில் போர்வை விரித்து வைத்தாள்,
சொல்லின் முதல் அர்த்தத்தில்.
தானும் சம்மணமிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இதை புட் ஆஃப் செய்ய முடியுமா?
கேட்டவளின் இலக்கணத்தில் பிழையில்லை.
ஒரு வாரம் முடியும், வலியோடு,
என்ற பதிலிலும் இல்லை.

ஊசி ஏறும்போது
அவள் குனிந்து காதில் சொன்னாள்.
தாய்மொழியில் அல்ல.
வேலெகோ.
சரியாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்,
வால் ஒருமுறை தரையைத் தட்டியது.

அடுத்த செவ்வாய் அவள் வகுப்புக்குப் போகவில்லை,
அதற்கடுத்த செவ்வாயும்.
மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்திருந்தது,
முந்நூற்று நாற்பது டாலர்,
தவணையில் பே ஆஃப் செய்யலாம் என்று.
அதற்கு அர்த்தம் அவள் யாரிடமும் கேட்கவில்லை.
வாரம் இருபது வீதம்
டிசம்பர் நடுவில் முடிகிறது.