பதினோரு நொடி

வண்ணார்பேட்டை, செராக்ஸ் கடை மாடி.
ஆறு மடிக்கணினி, ஒரே மின்விசிறி.
முக்கூடலில் எடுத்த வீடியோ
மதியம் மூன்றுக்கு வந்து சேர்ந்தது.

மடியில் பீடித்தட்டு.
கத்தரியைக் கீழே வைக்காமலே
பிரம்மசக்தி பேசினாள்:
"பாலம் போட்டாவ, இல்லங்கல.
ரோடும் போட்டாவ.
வீடு தேடி வந்து கும்பிட்டாவ, நல்ல மனுசந்தான்.
ஆனா…"

'ஆனா'வுக்கு முன்னால் வெட்டினேன்.

அதற்குப் பிறகு பதினோரு நொடி இருந்தது.
எட்டு நாளாகக் குழாயில் காற்று வருவதையும்
கம்பெனிக்காரன் கட்டுக்கு நாலு பீடி கழிப்பதையும்
அதற்குள் சொல்லி முடித்திருந்தாள்.
எனக்குத்தான் நேரமில்லை.
நாதஸ்வரம் சேர்த்தேன்,
'முக்கூடலின் குரல்' என்று மஞ்சள் எழுத்து.
நானூற்றுப் பன்னிரண்டு வாட்ஸ்அப் குழுக்கள்.
இரவு பத்துக்குள்
என் சித்தி எனக்கே அனுப்பியிருந்தாள்,
மூன்று கும்பிடு கையோடு.

மறுநாள் எதிரணிக்காரன்
அதே முகத்துக்கு வேறு குரல் ஒட்டினான்.
நியாயமாகச் சொன்னால்
உதடு நன்றாகவே பொருந்தியிருந்தது.

மூன்றாம் நாள் போன்.
"நீதான் வெட்டுன தம்பியா?"
சண்டைக்குத் தயாரானேன்.
பின்னால் கத்தரிச் சத்தம் நிற்கவே இல்லை.
"இலைய நானுந்தான் வெட்டுதேன்.
கழிச்ச துண்டு எங்கன்னு கேட்டா
சாக்க அவுத்துக் காட்டுவேன்.
எம் பேச்சுல கழிச்சத
நீ எங்க வச்சிருக்க?"

இருக்கு அக்கா, என்றேன்.
அது உண்மை.
"அப்பம் அதையும் அனுப்பு."
அனுப்புதேன், என்றேன்.

கடைசி இரண்டு நாள்
ஒலிபெருக்கிகளை அவிழ்த்துவிட்டார்கள்.
பாளையங்கோட்டை ரோட்டில்
காக்கை கத்துவது கேட்டது.
போன்கள் மட்டும்
தலையணைக்கு அடியில்
ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தன.

எண்ணிக்கை முடிந்த மாலை
வெடிச் சத்தத்துக்கு நடுவே அண்ணாச்சி சொன்னார்:
"எல்லாத்தையும் அழிச்சிட்டு சாவியக் குடு."
ரூம் வாடகையில் எழுநூறு பாக்கி.
அதைப் பேச்சிலேயே விட்டார்.

அழித்தேன். ஒன்று தவிர.
பேருந்து நிலையத்து டீக்கடையில் நின்று
சொந்த நம்பரிலிருந்து
ஒரே ஒரு ஆளுக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை.

விடியற்காலை சித்தியிடமிருந்து வந்திருந்தது,
'பலமுறை பகிரப்பட்டது' என்ற குறிப்போடு.
கும்பிடு கை இல்லை.
"ஏல, இது அந்தப் பொம்பளதான?
இத ஏன் முன்னாலயே அனுப்பல?"

டைப் செய்தேன்,
அழித்தேன்,
டைப் செய்தேன்.