பொருத்தம் இல்லை

சிங்காநல்லூரில் பஸ் நின்றபோது
தெர்மோகோல் பெட்டியின் ஐஸ் உருகி
நடத்துநரின் செருப்பு நனைந்திருந்தது.
"மீனுங்களா?" என்றார்.
"இனிமேல்தான் தெரியுமுங்க" என்றேன்.

ஒன்பது தட்டு அடுக்கிய பிளாஸ்டிக் வீடு ஒன்று
தூத்துக்குடிப் பக்கம் பவளப்பாறை இடுக்கில்
இரண்டு வருஷம் கிடந்தது.
வாடகை கேட்காத வீடு.
குடிவந்தவர்களைச் சுரண்டியெடுத்து
குப்பிக்கு ஒருவராய்ச் சாராயத்தில் போட்டு
எண் எழுதி அனுப்பியிருக்கிறார்
முக்குளிக்கும் சூசை ராயன்.
அவர் போடும் ஏழு
எப்போதும் ஒன்று மாதிரியே இருக்கும்.

எனக்குச் சோமனூர்.
எந்தத் திசையில் நடந்தாலும்
முதலில் தறிச்சத்தம் வரும், கடல் வராது.

தங்கை கலாமணி திருப்பூரில்
பனியன் பெட்டிக்குப் பார்கோடு ஒட்டுகிறாள்.
எல்லாப் பெட்டியிலும் ஒரே சட்டை.
ஸ்கேனர் எல்லாவற்றுக்கும் ஒரே குரலில்
ஆமாம் போடும்.
எனக்கும் அதே வேலைதான் என்று
வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.
பாதி உண்மை.
என் கோட்டுக்கு அறுநூற்று ஐம்பத்தெட்டு எழுத்து:
ஏ, சி, ஜி, டி,
நாலே எழுத்து மாறிமாறி வரும்.
சட்டையைத்தான் யாரும் பார்த்ததில்லை.

மத்தியானம் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் உறுமிப் பிடிப்பதற்குள்
சாமியை நினைக்கவில்லை,
வாட்ச்மேன் மருதாசலம் டீசல் வாங்கிவைத்தாரா
என்றுதான் நினைத்தேன்.

கல்யாணத்துக்குப் பத்தில் ஏழு அமைந்தால்
முடித்துவிடலாம் என்பார் எங்கள் ஜோசியர்.
இங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றேழாவது வேண்டும்.
முப்பத்தொன்று: எண்பத்து நாலு. பொருத்தம் இல்லை.
முப்பத்திரண்டு: இல்லை.
முப்பத்து மூன்று நண்டு,
எந்த நண்டு என்று கேட்கக் கூடாது.
முப்பத்தெட்டும் நாற்பதும்
லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் ஒரே இறால்.
அதே புள்ளி, அதே ஒருபக்கம் பெருத்த கொடுக்கு.
எழுத்தில் பதினாறு சதம் வித்தியாசம்.
ஒரே பொந்தில் அடுத்தடுத்துக் குடியிருந்து
எத்தனையோ லட்சம் வருஷமாய்ப்
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்.

நாற்பத்தேழில் கை நின்றது.
நூற்றுக்கு நூறு.
அன்றைய ஓட்டத்தில் ஒரே ஒரு முழுப் பொருத்தம்.

மனிதன்.

சூசை ராயனின் விரல் தோலாக இருக்கலாம்.
கையுறை கிழிந்தும் மாற்றாத என் சோம்பலாக இருக்கலாம்.
நாற்பத்தேழு உண்மையில் நாற்பத்தொன்றாகவும் இருக்கலாம்.
பேர் தெரியாத கூட்டத்துக்கு நடுவே
அழைப்பில்லாமல் வந்து
முகவரியோடு உட்கார்ந்திருந்தது.
கலப்படம் என்று குறித்து நீக்க வேண்டும், அதுதான் விதி.
கொஞ்ச நேரம் நீக்காமல் வைத்திருந்தேன்.
ஏனென்று தெரியவில்லை.
அப்புறம் நீக்கினேன்.
காலியான வரிக்கு மேலேறி வந்தது
பேர் வைக்காத ஒரு புழு.

ஏழரை மணி பஸ்ஸில் போன் வந்தது.
"அக்கா, இன்னைக்கு ஒரு பொட்டிக்குக் கோடு உட்டுப்போச்சு.
சட்டையெல்லாம் உள்ளதான் கெடக்குது,
மெஷினு பொட்டியே இல்லைங்குது.
மேனேஜர் கத்தறான்."

"எனக்கு இருபத்தாறு பொட்டிக்கு அப்படி" என்றேன்.

"யாரு கத்துனாங்க?"

யாரும் கத்தவில்லை.
கையை முகர்ந்து பார்த்தேன்.
சோப்புக்கு அடியில்
இன்னும் கொஞ்சம் உப்பு.

"சரி, வர்றப்ப தக்காளி வாங்கிட்டு வந்துரு"
என்று வைத்துவிட்டாள்.